அறநெறிப் பாடமும் அடிபடும் பிள்ளையும்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு 9-ம் தேதி இரவு நடந்த கொடுமையைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் கூலிக்கு வந்த ரவுடிகளல்ல. அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள். பள்ளியில் அவனுக்கு ஓயாத தொல்லை, ஏவல், இழிவு. அது தாளாமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். விஷயம் ஆசிரியர்கள் காதுக்கு எட்டியது. புகார் சொன்னதற்குப் பதிலாகத்தான் அன்றிரவு அரிவாள் வந்தது.

அண்ணனும் தங்கையும் பிழைத்தார்கள். அந்த மாணவன் மறு ஆண்டே பரீட்சை எழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். அவன் நெஞ்சுறுதிக்கு நம் வணக்கம்.

இந்தச் சம்பவத்தையடுத்து, பள்ளிகளில் சாதி, இனப் பிரிவினைகளைப் போக்க வழி காணும்படி, ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் கமிட்டியைத் தமிழ்நாடு சர்க்கார் அமைத்தது. 2024 ஜூன் 18-ம் தேதி கமிட்டி தன் அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதிப் பெயர் கூடாது. சாதியைக் காட்டும் கைக்கயிறும் மோதிரமும் கூடாது. மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். எந்த மாணவனையும் ஆசிரியர் சாதி சொல்லி அழைக்கக் கூடாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பீரியட் அறநெறி வகுப்பு நடத்த வேண்டும் — இவை அதன் சிபாரிசுகளில் சில.

இந்தச் சிபாரிசுகளை நாம் வரவேற்கிறோம். அறிக்கை அலமாரியில் தூங்காமல் அமுலுக்கு வரவேண்டும் என்று கோருகிறோம். ஆனால் அறநெறி வகுப்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ‘நல்லவனாக இரு’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளை நல்லவனாகிவிடுவானா? அடிபடுகிற பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் அரணாகுமா?

நெல்லைச் சீமையின் சமாசாரம், நமக்கென்ன என்று திருச்சியில் இருப்பவர்கள் எண்ண வேண்டாம். 2023 மார்ச் மாதத்தில் திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கத்தில், ஓர் அரசுப் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவன் சக மாணவர்கள் தாக்கியதில் உயிரிழந்தான். சிறு கல் எறிந்து விளையாடியதில் மூண்ட சச்சரவு அது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் உடன் படிக்கும் சிறுவனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம். எட்டாம் வகுப்பு என்றால் பதின்மூன்று வயது. தொடக்கம் எங்கே என்று தேட நாம் நடுநிலைப் பள்ளிக்குத்தான் போகவேண்டும்.

விளையாட்டல்ல, வன்மம்

“பையன்கள் என்றால் அப்படி இப்படித்தான் இருப்பார்கள். நாமெல்லாம் சின்ன வயசில் சண்டை போடவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. சண்டை வேறு, வதை வேறு. இரண்டு பேர் சமபலத்தோடு மல்லுக்கு நின்று, மறுநாள் தோளில் கைபோட்டுக்கொண்டு போனால் அது சண்டை. ஒருவனையே குறிவைத்து, அவனால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டே, நாள் தவறாமல் இழிவு செய்தால் அது வதை. பலம் ஒரு பக்கமாய் இருப்பதும், திரும்பத் திரும்ப நடப்பதும், வேண்டுமென்றே நடப்பதுமே அதன் அடையாளங்கள்.

யாரைக் குறிவைக்கிறார்கள்? கிழிந்த சட்டையை ஊசிநூல் போட்டு வருகிறவனை, திக்கித் திக்கிப் பேசுகிறவனை, நிறம் கறுத்த பெண்ணை, கால் ஊனமானவனை, தகப்பன் இல்லாதவனை, தாய் தெருக்கூட்டுகிறாள் என்பது தெரிந்துபோன பிள்ளையை, சேரியிலிருந்து வருகிற பிள்ளையை. அதாவது, வெளியுலகம் யாரை மிதிக்கிறதோ அவனையே வகுப்பறையிலும் மிதிக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே இருக்கிற ஏற்றத்தாழ்வு, மணியடித்ததும் வாசலிலே நின்றுவிடுவதில்லை. பையோடு உள்ளே வந்து பக்கத்தில் உட்காருகிறது.

அந்தப் பிள்ளை வீட்டில் சொல்வதில்லை. அப்பன் மணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு வந்து படுத்திருப்பார்; ஆத்தாள் லால்குடிப் பக்கம் நடவுக்குப் போய்விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்பில் உட்கார்ந்திருப்பாள். எப்படிச் சொல்வான்? ‘வயிற்று வலி, இன்று பள்ளிக்குப் போகமாட்டேன்’ என்பான். வாரத்தில் இரண்டு நாள் வயிற்று வலி வரும். பிறகு நான்கு நாள் வரும். பிறகு படிப்பே நின்றுபோகும். ‘படிப்பு ஏறவில்லை’ என்று ஊர் சொல்லும். பள்ளியை விட்டு நின்ற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் படிப்பு ஏறாமல் நின்றார்கள், எத்தனை பேர் மானம் தாங்காமல் நின்றார்கள் என்று யாராவது கேட்டதுண்டா?

உபதேசம் கேட்டவர்கள்

ஸ்ரீரங்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. உறையூரைச் சேர்ந்த உறங்காவில்லி என்ற மல்லன் இராமானுஜருக்குச் சீடரானார். காவிரியில் நீராடிவிட்டுத் திரும்பும்போது இராமானுஜர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாராம். மேல்சாதிச் சீடர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் இரவில், கொடியில் காய்ந்த அந்தச் சீடர்களின் வேட்டிகளில் ஆளுக்கொரு துண்டு கிழித்துவைக்கச் செய்தார் குரு. விடிந்ததும், வேதமும் வியாக்கியானமும் கற்ற அந்த வாய்களிலிருந்து வராத வசவு இல்லையாம். உறங்காவில்லி வீட்டிலோ, தூங்குவதுபோல் கிடந்த அவர் மனைவி பொன்னாச்சி, நகை களவாட வந்தவர்கள் மறுபக்கத்து நகையையும் கழற்றிக்கொள்ளட்டும் என்று புரண்டு கொடுத்தாளாம்.

கதை கதையாகவே இருக்கட்டும். அதைச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றிய ஜனங்கள் ஓர் உண்மையைக் கண்டிருந்தார்கள். உபதேசம் நிறையக் கேட்டவன் ஒழுக்கமுள்ளவன் என்பது உறுதியில்லை. தன் துணி கிழிந்தபோது என்ன செய்கிறான், தனக்குக் கீழானவன் என்று நினைப்பவனிடம் எப்படி நடக்கிறான் — அதில்தான் ஒழுக்கம் தெரிகிறது.

இது பழங்கதை. நடந்த சரித்திரமும் ஒன்று இருக்கிறது. அதுவும் திருச்சிக்காரரைப் பற்றியதுதான். திருச்சி வரகனேரியில் 1881-ல் பிறந்த வ. வே. சு. ஐயர் பெரும் தேசபக்தர். திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்த படிப்பாளி. வெள்ளையன் பள்ளிகள் குமாஸ்தாக்களை உண்டாக்குகின்றன, நாம் குணமுள்ள மனிதர்களை உண்டாக்குவோம் என்று சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரஸ் அதற்குப் பணம் கொடுத்தது. நோக்கம் உயர்ந்த நோக்கம். ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி!

விஷயம் வெளிப்பட்டதும் தமிழ்நாடே கொதித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் பகிரங்கமாக எதிர்த்தார்கள். பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று 1925 ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் போட வேண்டி வந்தது. ஐயர் குருகுலத் தலைமையைவிட்டு விலகினார். அந்தப் பிள்ளைகள் பகலெல்லாம் தேசபக்தியும் தியாகமும் படித்திருப்பார்கள். ஆனால் சாப்பாட்டு மணி அடித்தபோது உண்மையான பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்: ‘அவன் வேறு, நான் வேறு.’ புஸ்தகம் ஒன்றைச் சொல்லி, பந்தி வேறொன்றைச் சொன்னால், பிள்ளை பந்தியைத்தான் நம்புவான்.

அந்தச் சேரன்மாதேவியும் நாங்குநேரியும் ஒரே மாவட்டத்து ஊர்கள். இடையிலே நூறு வருஷம் ஓடியிருக்கிறது.

பந்தி கற்றுக் கொடுத்த பாடம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1982 ஜூலை 1-ம் தேதி, அன்றைய முதலமைச்சர் எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான். காமராஜர் காலத்து மதிய உணவின் தொடர்ச்சி அது. பசி தீர்ந்தது பெரிய காரியம். ஒரே அடுப்பில் வெந்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்து, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உண்டது அதைவிடச் சிறிய காரியமல்ல. யாரும் பிரசங்கம் செய்யவில்லை. தட்டுதான் பாடம் நடத்தியது.

அதையும் கெடுக்கக் கை நீளுகிறது. 2023 செப்டம்பரில், பக்கத்துக் கரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். கலெக்டரே நேரில் போய் உட்கார்ந்து உண்டு பேச வேண்டியதாயிற்று. அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குச் சாதி தெரியாது. பசியும் உப்புமாவும்தான் தெரியும். பெரியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள்.

வேடிக்கை பார்ப்பவன் கையில் இருக்கிறது

நார்வே நாட்டில் 1982-ன் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் வதைதான் காரணமாக இருக்கக்கூடும் என்று நாடே கலங்கியது. மறு வருஷமே அந்தச் சர்க்கார் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. டான் ஒல்வேயஸ் என்ற மனோதத்துவ அறிஞர் பெர்கன் நகரத்தில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். விளையாட்டு மைதானத்திலும் வராந்தாவிலும் ஆசிரியர் கண் இருக்க வேண்டும். விதி வகுப்பில் எல்லோரும் கூடிப் பேசி வகுத்ததாய் இருக்க வேண்டும். பெற்றோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் முறை. அங்கே வதை பெருமளவு குறைந்தது.

பின்லாந்தில் இன்னொரு படி மேலே போனார்கள். அடிப்பவன் ஒருவன், அடிபடுபவன் ஒருவன். சுற்றி நிற்பவர்கள் பலர். அவர்கள் சிரித்தால் அடிப்பவனுக்குத் தெம்பு ஏறுகிறது. அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவனுக்குச் சம்மதம் கிடைத்துவிடுகிறது. அவர்களில் நாலு பேர் அடிபடுபவன் பக்கம் போய் நின்றுவிட்டால் அவன் கை தானாகத் தாழ்கிறது. ஆகவே சுற்றி நிற்கும் பிள்ளைகளைத் தயார் செய்யும் திட்டம் ஒன்றைத் துர்க்கூ சர்வகலாசாலையில் வகுத்து, 2009 முதல் நாடு முழுவதும் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

இதைப் படிக்கும் தொழிலாளித் தோழர் புன்னகை செய்வார். இது அவருக்குத் தெரியாத வித்தையா? ஆலையில் மேஸ்திரி ஒரு கிழவனை வைது தள்ளும்போது, பக்கத்து மெஷின்காரன் தலை குனிந்துகொண்டால் நாளைக்கு வசவு இவன் மேல் விழும். அந்த வரிசையே வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றால் மேஸ்திரியின் குரல் இறங்கும். 1940-களில் தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்தன. 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்து அவை ஒழிந்தது எப்படி? மிராசுதாருக்கு அறநெறி வகுப்பு எடுத்தா? ஒருவன் முதுகில் விழுகிற அடியை ஊரே தன் முதுகில் விழுந்ததாய் எண்ணிச் சங்கமாக எழுந்ததால்தான்.

பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டிய முதல் குணம் இதுவே. ‘நீ யாரையும் அடிக்காதே’ என்பது பாதிப் பாடம். ‘அடிபடுகிறவன் பக்கம் போய் நில், பெரியவரிடம் போய்ச் சொல், ஒதுக்கப்பட்டவனைக் கூப்பிட்டு உன் பக்கத்தில் உட்காரவை’ என்பது மீதிப் பாதி. காட்டிக் கொடுப்பது வேறு, காப்பாற்றச் சொல்வது வேறு என்ற வித்தியாசம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்காமலில்லை. யாராவது விளக்கிச் சொன்னால் போதும்.

வீட்டிலே தொடங்கட்டும்

கசப்பானாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று பழமொழி பேசிக்கொண்டு பிள்ளையை விளாசுகிற வீடுகள் நம் பேட்டைகளில் குறைவில்லை. அந்தப் பிள்ளை அடியிலிருந்து கற்பது என்ன? பலமுள்ளவன் அடிக்கலாம் என்பதைத்தான். மறுநாள் பள்ளியில் தன்னைவிடச் சிறியவனைத் தேடிப் போகிறான். மனைவியைக் கை நீட்டுகிற தகப்பனின் மகன், பெண் பிள்ளைகளின் சடையைப் பிடித்து இழுக்கிறான். பகலில் சங்கக் கொடியின் கீழே ‘தோழர்’ என்றழைத்த மனிதரைப் பற்றி, இரவில் வீட்டுத் திண்ணையில் சாதி சொல்லிப் பேசினால், அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கும் பிள்ளை எதை நம்புவான்?

தொந்தரவு செய்கிற பையனும் ஏழை வீட்டுப் பிள்ளையாய் இருப்பதுண்டு. அவனை ஜெயிலுக்கோ தெருவுக்கோ தள்ளிவிட்டு நாம் நிம்மதியடைய முடியாது. செய்த தப்பை அவன் உணர வேண்டும். இழைத்த தீங்குக்கு ஈடு செய்ய வேண்டும். திருந்தவும் வழி வேண்டும். கைக்கயிற்றை அவனுக்குக் கட்டிவிட்டவர்கள் பெரியவர்கள். சாதிச் சங்கத்து நோட்டீசில் அரிவாளை அலங்காரமாய் அச்சடிப்பவர்களும் பெரியவர்களே. பையனைப் பிடித்துவிட்டு அவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

நம் கோரிக்கைகள்

அறநெறி வகுப்பு வெறும் பேச்சாய்ப் போகாமலிருக்க நாம் வற்புறுத்துவது இவை:

1. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை அறநெறிப் பீரியட் மனப்பாடப் பீரியடாக இருக்கக் கூடாது, பரீட்சையும் கூடாது. பிள்ளைகள் கூடிப் பேசி, நடித்துக் காட்டி, தங்கள் வகுப்புக்குத் தாங்களே விதி செய்யும் நேரமாக இருக்க வேண்டும். அதை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவேண்டும்.

2. ஐந்நூறு மாணவர்களுக்கு மேலுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று சந்துரு கமிட்டி சொல்கிறது. நல்லது. ஆனால் விவசாயத் தொழிலாளியின் பிள்ளை படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்நூறு பேர் ஏது? நாலைந்து சிறிய பள்ளிகளைச் சேர்த்தாவது ஓர் அலுவலர் வேண்டும்.

3. 2012-ல் ஓவியம், உடற்பயிற்சி, கைத்தொழில் கற்பிக்க 16,000-க்கு மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொகுப்பூதியத்தில் வைத்துக்கொண்டு, நிரந்தரம் கோரி அவர்களைத் தெருவில் போராட வைத்தது நீதியல்ல. தோற்றவனைக் கேலி செய்யாமலும் ஜெயித்தவனைக் கண்டு பொருமாமலும் இருக்கப் பிள்ளை பழகுவது மைதானத்தில்தான். அந்த ஆசிரியன் வயிறு காயக் கூடாது.

4. பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்த குற்றம். பிரம்பை வைத்துக்கொண்டு அஹிம்சை போதிக்க முடியாது. இந்தப் பிரிவு ஒவ்வொரு பள்ளியிலும் எழுதி மாட்டப்பட வேண்டும்.

5. புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. அன்றிரவிலிருந்தே அவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். நாங்குநேரி கற்றுத் தந்த கொடும் பாடம் இது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாய் அறிந்திருக்க வேண்டும்.

6. மேற்சொன்ன சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோருக்கும் அதில் உரிய இடம் உண்டு. ஆனால் பகல் வேளையில் கூட்டம் போட்டால் நடவுக்குப் போனவள் எப்படி வருவாள்? கூட்டம் வேலை முடிந்த நேரத்தில் நடக்க வேண்டும். கூலி போகாமல் கலந்துகொள்ள வழி செய்ய வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்காரிடம் கேட்போம், போராடியும் கேட்போம். நாம் செய்ய வேண்டியதற்கு யார் உத்தரவும் தேவையில்லை. பொன்மலைப் பணிமனைத் தொழிலாளி, திருவெறும்பூர் பாய்லர் தொழிலாளி, காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்கும் தொழிலாளி, ஸ்ரீரங்கம் தீவின் வாழைத் தோட்டங்களில் பாடுபடும் ஆணும் பெண்ணும் — எல்லோர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். ‘என் பிள்ளைக்கு எத்தனை மார்க்?’ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ‘இந்த வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காராத பிள்ளை எது? இடைவேளையில் தனியே நிற்கும் பிள்ளை எது?’ என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை யாருடையதாக இருந்தாலும் சரி.

இரவில் உங்கள் பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். ‘இன்று உன்னை யாராவது அடித்தார்களா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘இன்று யாரையாவது அடித்தபோது நீ எங்கே நின்றாய்?’ என்று கேளுங்கள். அதற்குக் கூசாமல் பதில் சொல்கிற பிள்ளை நாளைக்கு ஆலைக்குள் வந்தாலும், ஆபீசுக்குப் போனாலும், எவன் அநியாயத்துக்கும் தலை வணங்கமாட்டான். எவன் தலையையும் மிதிக்கமாட்டான். அப்படிப்பட்ட ஒரு தலைமுறையை வளர்ப்பது வாத்தியாரின் வேலை மட்டுமல்ல. உழைக்கும் மக்களாகிய நம் எல்லோரின் வேலை.